கோர் பெட்டியில் என் சிவப்பு அம்பு

லுணுகலைக்கு மேலே, தேயிலை காடாகிப்போன ஒரு மலையில் சின்னக் கம்பெனி ஒன்று காரீயம் தேடிக்கொண்டிருந்தது. பென்சிலுக்குள் இருக்கும் அதே கரிதான். பதினைந்து வருடம் கொழுந்தெடுத்த நான் இன்னும் ஐந்து பெண்களோடு அங்கே கொட்டகை வேலைக்குச் சேர்ந்தேன். இயந்திரம் பூமிக்குள்ளிருந்து உருவி எடுக்கும் பாறைத் தண்டுக்குக் கோர் என்று பெயர். அதைக் கழுவி, நீளப் பெட்டிகளில் ஆழத்தின்படி வரிசை வரிசையாக அடுக்க வேண்டும்.

வெகுநாள் வெறும் பாறைதான் வந்தது. வெளிநாட்டுச் சந்தையில் கம்பெனியின் பங்கு படுத்துக் கிடக்கிறது என்று, பாறையைப் பற்றிப் படித்துவிட்டு வந்த எங்கள் அதிகாரியான சேர் முகத்தைத் தொங்கப்போட்டிருப்பார்.

அப்போதுதான் ஓடைக்கு அந்தப் பக்கத்து மலையில் இன்னொரு கம்பெனிக்கு நல்ல காரீயம் அகப்பட்டது. அகப்பட்டது அவர்களுக்கு, ஏறியது எங்கள் பங்கும்தான். பக்கத்து வீட்டில் கல்யாணம் என்றதும் நம் வாசலிலும் பந்தல் போட்ட மாதிரி இருந்தது. அதே பாறை இந்தப் பக்கமும் ஓடும் என்று பணம் போட்டவர்களுக்கு நம்பிக்கை. மலை உச்சியில் நின்ற இயந்திரத்தை இறக்கி, ஓடைக்கரை எல்லையில் நிறுத்தினார்கள்.

அங்கே தோண்டிய முதல் குழியிலேயே கறுப்பு வந்தது. நானே கழுவி அடுக்கினேன். சேர் பெட்டிகளைப் பார்த்து அளந்து எழுதிவிட்டு, குதிக்காத குறையாக என்னிடம் வந்தார்.

"அக்கா, ஒண்ணில்ல, ரெண்டு கரிப் பட்டை இருக்கு. நடுவுல வெறும் பாறை. பின்னேரம் சந்தைக்கு அறிவிப்பு போகுது. பங்கு எங்க போய் நிக்குமோ."

எனக்கும் தலைகால் புரியவில்லை. பெட்டிகளை மூடப் போனபோதுதான் கவனித்தேன். முதல் வரிசையின் வலது முனையில் கரி. இரண்டாவது வரிசையிலும் வலது முனையில்தான் கரி. இரண்டையும் எடுத்து உடைந்த வாய்களைச் சேர்த்துப் பார்த்தேன். பொருந்திக்கொண்டன.

புத்தகம் வாசிப்பதுபோல ஒவ்வொரு வரிசையையும் இடமிருந்து வலமாக அடுக்க வேண்டும். முதல் நாளே சொல்லித் தந்திருந்தார்கள். என் கை கேட்டால்தானே. கொழுந்து மலையில் ஒரு நிரையில் ஏறினால் அடுத்த நிரையில் இறங்குவோம், வெறுங்கையோடு திரும்பி வரமாட்டோம். பெட்டியிலும் அப்படியே போய் அப்படியே திரும்பியிருக்கிறேன். ஒரே பட்டையை நான்தான் இரண்டாக்கி வைத்திருந்தேன்.

கூட வேலை செய்த பெண்ணிடம் சொன்னேன்.

"வாய மூடிக்கிட்டு இரு," என்றாள். "மிசின தூக்கிட்டாங்கன்னா நாம ஆறு பேரும் மறுபடி கூடைய மாட்டணும்."

அவள் சொன்னதில் பொய்யில்லை. எனக்கும் பயம்தான். ஆனால் முகம் தெரியாத யாரோ என் கைப்பிழையை நம்பிப் பணம் போடுவதை நினைக்கக் கூசியது. இரண்டு துண்டுகளையும் ஏந்திக்கொண்டு சேரின் மேசைக்குப் போனேன்.

"சேர், அது ரெண்டு இல்லீங்க. ஒண்ணுதான். நான் திருப்பி அடுக்கிட்டேன்."

அவர் துண்டுகளைப் பொருத்தினார், பிரித்தார், மறுபடி பொருத்தினார். முகம் சுண்டிவிட்டது. "நான் அளக்கிறப்பவே பாத்திருக்கணும்," என்றார். பிறகு, "இதுக்கு முந்தின பெட்டிகளும் இப்படித்தானா?" என்று கேட்டார். எல்லாமே அப்படித்தான். அத்தனையையும் நாங்கள் ஆறு பேரும் மூன்று நாள் குனிந்து மாற்றி அடுக்கினோம். முதுகு விட்டுப்போயிற்று.

ஒரு பட்டை என்றே அறிவிப்புப் போனது. பணம் போட்டவர்கள் அதைவிட அதிகம் எதிர்பார்த்திருந்ததால் ஏறிய பங்கில் பாதி இறங்கியது. எல்லையில் தோண்டவிருந்த குழிகளில் இரண்டை நிறுத்தினார்கள். ஒரு பட்டையாவது இருந்ததால் இயந்திரம் அங்கேயே தங்கியது, நாங்களும் வேலையில் தங்கினோம். இனி என் கையை நம்புவதில்லை என்று, ஒவ்வொரு வரிசையின் தலையிலும் சிவப்பு மையால் அம்புக்குறி போட ஆரம்பித்தேன்.

போன மாதம் சேரோடு ஓடையைக் கடந்து அந்தக் கம்பெனியின் கொட்டகைக்குப் போனேன். பெரிய கொட்டகை. அங்கே அடுக்குவதும் கொழுந்தெடுத்த பெண்கள்தான். பெட்டிகளின் ஒவ்வொரு வரிசைத் தலையிலும் சிவப்பு அம்பு.

"உங்க சேர்கிட்ட கேட்டுத்தாங்க போட்டோம்," என்றாள் ஒருத்தி. "நாங்களும் போய்த் திரும்பித்தான் அடுக்கியிருந்தோம்."

அவர்கள் கண்டெடுத்தது எங்கள் பங்கை ஏற்றியது. என் அம்பு ஓடை தாண்டி அவர்கள் பெட்டியில் ஏறியிருந்தது. போகும்போது சேருக்குப் பின்னால் போனவள், திரும்பி வரும்போது முன்னால் நடந்தேன்.