ஜன்னலுக்கு வெளியே வைத்த முழங்கை

மலை பஸ்ஸில் ஜன்னலோர சீட் எனக்கு ஆசைக்கு அல்ல, அவசியத்துக்கு. இரண்டு வளைவு ஏறுவதற்குள் குமட்டிவிடும். அன்று கொடைக்கானலில் நாத்தனார் வீட்டுப் பால்காய்ச்சு. பழனியில் பஸ் ஏறியதும் வலப்பக்க ஜன்னலைப் பிடித்து, முழங்கையை வெளியே வைத்து, முகத்தைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் கணவர் தூங்கிவிட்டார்.

வளைவு ஒன்றில் எதிரே ஒரு ஜீப் வந்தது. சுற்றுலா வந்தவர்களைச் சேற்றுப் பாதையில் குலுக்கிக் காட்டும் வகை. பெரிய டயர், முன்னால் தடித்த இரும்புக் கம்பி. எங்கள் பஸ்ஸின் பக்கவாட்டை உரசிக்கொண்டே போய் நின்றது. பஸ்ஸுக்குத் தகரம் கிழிந்தது, எனக்கு முழங்கை. முதலில் வலிக்கவே இல்லை. கை நான் வைத்த இடத்தில் இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

முன்சீட் கம்பியில் இடித்து ஒரு அம்மாவுக்கு உதடு கிழிந்திருந்தது. பாவம், அவரை விட்டுவிட்டு எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள். கல்லூரிப் பெண் ஒருத்தி, "வளையலக் கழட்டிருவோங்க்கா, கை வீங்கிரும்" என்று ஒவ்வொன்றாக உருவினாள். கண்டக்டர் துண்டை மடித்துக் கையைத் தாங்கிக் கட்டி, "அசைக்காதீங்கம்மா" என்றார். அதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

பழனியில் சாமி கும்பிட்டு வந்த ஒரு குடும்பம் பஞ்சாமிர்த டப்பாவைத் திறந்தது. "மயக்கம் போட்றப் போறாங்க, வெரசா ஒரு வாய் குடுங்க." கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு வாய் ஊட்டி அறியாத மனுஷன், அழுதுகொண்டே விரலால் வழித்து வழித்து ஊட்டினார். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. பாதி டப்பா காலி.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பார்த்த டாக்டர், எலும்பைச் சேர்க்க உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். "கடைசியா எப்ப சாப்பிட்டாங்க?"

"இப்பத்தாங்க டாக்டர். நானே ஊட்டி விட்டேன்" என்றார் கணவர், பெருமையாக.

டாக்டர் பேனாவை மூடினார். வயிறு நிறைந்திருக்கும்போது மயக்க மருந்து கொடுத்தால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடுமாம். அதிலும் வாந்திக்குப் பேர்போன ஆள் நான். காயத்தைக் கழுவி, ஊசி போட்டு, பாதி மாவுக்கட்டில் கையை வைத்து, காத்திருக்கச் சொன்னார்கள்.

நர்ஸ் அடிக்கடி வந்து நகத்தை அழுத்தி, ரத்தம் திரும்புகிறதா என்று பார்த்தார். என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஒவ்வொரு விரலாகத் தொட்டு, "தெரியுதா?" என்றார். மூன்று விரல் தெரிந்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் தெரியவே இல்லை. நான் ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள். தொட்டால் தெரியாத விரலை வைத்துக்கொண்டு எப்படித் துணியைப் பிடிப்பது? அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

சாயங்காலம் ஆபரேஷன் நடந்தது. எலும்பைச் சேர்த்து வைத்துவிட்டார்கள். நரம்பு அடிபட்டது ஜீப் உரசிய அந்த நிமிஷத்தில்தான், காத்திருந்ததால் அல்ல, மெல்ல மெல்ல உணர்ச்சி திரும்பலாம் என்று டாக்டர் விளக்கினார். கணவர் காதில் ஒன்றும் ஏறவில்லை. பஞ்சாமிர்தத்தால்தான் விரல் போச்சு என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். வீடு வந்த பிறகும் அவர் சரியாகச் சாப்பிடுவது கிடையாது, பேசுவது கிடையாது.

தினமும் காலையில் நர்ஸ் செய்தது போலவே என்னைக் கண்ணை மூடச் சொல்லித் தொட்டுப் பார்ப்பார்.

"தெரியுதா?"

"இல்லைங்க."

மாசக்கணக்கில் இதே பாட்டு. ஆரம்பத்தில் எரிந்து விழுந்தேன். "தொட்டுத் தொட்டுத் தேஞ்சிறப் போகுது, சோலியப் பாருங்க" என்பேன். துணி கொடுக்க வந்தவர்கள் வேறு கடைக்குப் போனது எனக்குத் துக்கம்தான். ஆனால் அவர் சட்டை தோளிலிருந்து தொங்குவதைப் பார்ப்பது அதைவிடக் கொடுமையாக இருந்தது. ஒரு நாள் முடிவு செய்துவிட்டேன். வழக்கம்போலக் கண்ணை மூடினேன். கொஞ்சம் பொறுத்தேன்.

"தெரியுதுங்க" என்றேன். "சுண்டு விரல்தான?"

கண்ணைத் திறந்தேன். அவர் கை இன்னும் அவர் மடியிலேயே இருந்தது.

"நான் இன்னும் தொடவே இல்லையே" என்றார்.