தரை இறங்கிப் போனவர்களுக்கு

புதைந்துபோன கான்கிரீட் தளத்தை உடைக்காமல் தூக்கி நிறுத்துவது என் தொழில். தளத்தில் ஓட்டை போட்டு, சிமெண்ட் கரைசலைப் பம்பு வைத்து உள்ளே செலுத்தினால் தளம் மயிரிழை மயிரிழையாக மேலே வரும். எத்தனையோ தடவை பார்த்தும் எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கிறது. பெரம்பலூர், அரியலூர் கரிசல் மண்ணில் வீடு கட்டிவிட்டு வாசலை வெறித்துப் பார்த்து நிற்கும் சக அவஸ்தைக்காரர்களே, இது உங்களுக்காக.

சொந்த வயல் மண்

குன்னம் பக்கம் ஒரு விவசாயி. போர்டிகோவுக்கு அடியில் கிராவல் கொட்டாமல் தன் வயல் கரிசலையே அடித்து நிரப்பிவிட்டார். அந்த மண்மேல் அவருக்கு அவ்வளவு பெருமை! மழைக்கு உப்பி, வெயிலுக்குச் சுருங்கி, தளம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அடியில் கையை விட்டேன், முழங்கை வரை போனது. இவ்வளவு பெரிய தளம் இத்தனை நாள் எதைப் பிடித்துக்கொண்டு நின்றதோ! "கரிசலை ஏங்க போட்டீங்க?" என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது.

"முப்பது வருசமா என்னை ஏமாத்தாத மண்ணு சார். வூட்டுக்கு மட்டும் ஏமாத்தும்னு நான் கண்டேனா?"

மளிகைக் கடை வாசல்

அரியலூரில் ஒரு கடை. தளத்தின் ஓரத்தைத் தோண்டியபோது கல்லாகிப்போன சிப்பி ஒன்று வந்தது. உள்ளங்கை அகலம், வரிவரியாக. இந்த ஊரே ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்று படித்திருக்கிறேன், கையில் வைத்துப் பார்ப்பது வேறு. வேலையை நிறுத்திவிட்டு ஆளாளுக்கு வாங்கிப் பார்த்தோம். கடைக்கார அம்மாவும் எழுந்து வந்தார்.

"இத்தினி வருசமா உப்பு விக்கிறேன், கடலு மேல ஒக்காந்துதான் விக்கிறேன்னு யாருமே சொல்லலியே சார்!"

கண்டக்டர் வீடு

மீன்சுருட்டியில் ஒரு பழைய பஸ் கண்டக்டர். பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில் இருந்தார். ஐப்பசி மழையில் போர்டிகோ ஆறங்குலம் இறங்கிவிட்டது. பலகை போட்டு இறக்கிப் பார்த்ததில் நாற்காலி சறுக்கி விழுந்துவிட்டார். அன்றிலிருந்து வாசற்படி தாண்டவில்லை. தளம் உடைந்தால் புதிதாகப் போட்டு முடிக்கும்வரை வாசலே அடைபடும். "பாத்துச் செய்ங்க தம்பி" என்று அவர் மனைவி நாலு தடவை சொல்லிவிட்டார்.

பம்பை ஓட்டினோம். தளம் முனகியது. வாசற்படியருகே உட்கார்ந்திருந்த கண்டக்டர் தளத்தின் விளிம்பையே பார்த்துக்கொண்டு, "ரைட்... ரைட்..." என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார். பம்பில் இருந்த என் ஆள் செல்வம் என்னை விட்டுவிட்டு அவர் பேச்சைக் கேட்கத் தொடங்கினான். திடீரென்று "ஓல்டான்!" என்றார். நிறுத்தினோம். ரசமட்டத்தை வைத்தேன். குமிழி நட்டநடுவில் நின்றது. ஒரு விரிசல் இல்லை.

வழி திறந்தும் அவர் நகரவில்லை, பழைய பயம். மனைவி நாற்காலியின் பின்னால் வந்து நின்றார்.

"எட்டு மாசமா ஒரே ஸ்டாப்பிங்குல நின்னாச்சு. எறங்குங்க."

நான் தூக்கியதிலேயே பெரிய பாரம் எது என்று கேட்டால் அந்தக் கண்டக்டர்தான் என்பேன், ஆள் என்னவோ நாற்பத்தைந்து கிலோதான் இருப்பார்.