சேலை விரிக்க உட்கார வேண்டும்

ஊர் ஊராகச் சேலை விற்பவள் நின்றுகொண்டு விற்க முடியாது. மூட்டையை இறக்கி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முடிச்சை அவிழ்த்து, ஒவ்வொரு சேலையாக மடியில் போட்டு முந்தானையை உதறி விரிக்க வேண்டும். நாம் உட்கார்ந்தால்தான் வீட்டுப் பெண்கள் உட்காருவார்கள். அவர்கள் உட்கார்ந்தால்தான் துணியைத் தொட்டுப் பார்ப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுவார்கள். நிற்கிறவளிடம் யாரும் எதுவும் வாங்குவதில்லை. அடுத்த வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருக்கிறாள் என்று விட்டுவிடுவார்கள்.

நாற்பத்தாறு வயதில் எனக்கு உட்கார முடியாமல் போனது.

எழுபதுகளின் கடைசி அது. நான் எட்டாவதைப் பாதியில் விட்டவள். ஒரே இடத்தில் இருக்கச் சொன்னால் கால் அரிக்கும். கல்யாணத்துக்கு முன்பு பஞ்சாலை, பிறகு கரும்பு வெட்டும் கூட்டத்தோடு மோகனூர்ப் பக்கம், அதன்பின் கொஞ்ச நாள் ஜவ்வரிசி செய்கிற சேகோ பேக்டரியில் கிழங்குத் தோல் சீவுகிற வேலை. கடைசியில் இந்த மூட்டை. சேலத்துக்குப் பக்கத்து ஊரான இளம்பிள்ளையில் தறிக்காரர்களிடம் சேலை எடுப்பேன். ஒரு வாரம் மேற்கே, ஜேடர்பாளையம் வரை. அடுத்த வாரம் கிழக்கே, அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஆத்தூர் சாலை ஊர்கள். வீட்டுக்காரர் லாரி டிரைவர். அவர் பம்பாய் லோடு ஏற்றிப் போனால் வர இரண்டு வாரம் ஆகும். மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. திருச்செங்கோட்டு வீட்டில் நாங்கள் இருவரும் சேர்ந்து இருக்கிற நாட்கள் குறைவு. அந்த நாட்களில் சண்டையும் குறைவு.

முதலில் மாதவிலக்கு தாறுமாறானது. மூன்று மாதம் எட்டிப் பார்க்காது, பிறகு ஒரு நாள் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போதே உடைத்துக்கொண்டு வரும். அதற்குப் பயந்து பழஞ்சேலைத் துணியை மடித்து எல்லா நாளும் வைத்துக்கொண்டே திரிந்தேன். அடுத்து உள்ளே வறள ஆரம்பித்தது. பெண்ணுறுப்பு என்று இப்போது எழுதுகிறேன், அப்போது 'கீழே' என்று மட்டும்தான் சொல்வோம். கோடையில் உதடு காய்ந்து வெடிக்குமே, அது மாதிரி கீழே இருந்தது. நடந்தால் மடித்த துணி உரசும். சிறுநீர் போனால் வெட்டுக்காயத்தில் உப்புப் பட்டது போல எரியும். சம்மணம் போட்டால் தோல் இழுபட்டு, ஊசியால் கீறுவது போல இருக்கும்.

இது போதாதென்று நான் விற்றதும் உடுத்தியதும் நைலக்ஸ் என்கிற நைலான் சேலை. அந்த வருஷங்களில் பருத்தியைக் காட்டினால் சின்னப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பாவாடையும் அதே வழவழப்புத் துணிதான். சித்திரை வெயிலில் அதைக் கட்டிக்கொண்டு நடப்பது, வெந்நீர்த் தொட்டியில் காலை விட்டுக்கொண்டு நடப்பது போல. தண்ணீரும் குடிக்க மாட்டேன். மூட்டைக்காரிகள் யாருமே குடிப்பதில்லை. போகிற ஊரில் ஒதுங்க இடம் இல்லை, சரக்கு விற்கப் போன வீட்டில் கொல்லைப்புறம் எங்கே என்று கேட்டால் மரியாதை போய்விடும். காலையில் ஒரு சொம்பு, பொழுது இறங்கி வீடு சேர்ந்தபின் ஒரு சொம்பு. இதைப் பெருமையாகவே வைத்திருந்தேன்.

ஜேடர்பாளையத்தில் எனக்கு ஓர் அக்கா உண்டு. உறவில்லை, வாடிக்கை. வாழையும் கரும்பும் வைத்திருக்கிற வீடு. அவள் வாசலில் மூட்டையை இறக்கினால் அந்தத் தெருவே வந்துவிடும். வலி வந்தபின் ஒரு நாள் அங்கே மூட்டையை இறக்கிவிட்டு நின்றுகொண்டே இரண்டு சேலையை விரித்துக் காட்டினேன்.

"ஏனம்மணி, பஸ்ஸ நிறுத்தி வெச்சுட்டு வந்தியா? உக்காரு."

"இல்லீங்கக்கா, நின்னே காட்றனுங்க."

"நின்னு காட்டறதுக்கு நீ என்ன ஜவுளிக்கடை பொம்மையா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருத்தியாக வேலை இருக்கிறது என்று நகர்ந்து போனார்கள். ஒரு சேலையும் போகவில்லை.

அக்கா என்னை மாட்டுக் கொட்டகைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். சொன்னேன். அவள் முகம் சுளிக்கவில்லை.

"இது சூடு, சாமி. பஸ் சீட்டுச் சூடு, வெயில் சூடு, எல்லாம் அங்க எறங்கிருச்சு. படிகாரத்தக் கரைச்சுக் கழுவு. நல்லா இறுகி ஆறிரும். புள்ள பெத்தப்ப நானெல்லாம் அதுலதான் கழுவுனேன்."

எங்கள் பக்கத்தில் புண் என்றால் படிகாரம்தான். சவரக் கத்தி பட்ட கன்னத்துக்கும் அதுதான், பிரசவித்த உடம்புக்கும் அதுதான். எதையும் செய்தால் முழு மூச்சாகச் செய்கிறவள் நான். காலையும் மாலையும் கழுவினேன். எரிந்தால் மருந்து வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கூடவே துணி சோப்பும் போட்டேன். இரண்டு மாதத்தில் தோல் காகிதம் மாதிரி ஆகி, கழுவுகிற துணியில் ரத்தப் பொட்டு தெரிந்தது. மாதவிலக்கு ரத்தம் அது இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

வீட்டுக்காரரோடு படுப்பதும் நின்றது. ஒருமுறை பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன், முடியவில்லை. காரணம் சொல்ல வாய் வரவில்லை. அவர் லாரி வருகிற நாள் தெரிந்தால் அன்று காலையிலேயே ஆத்தூர் பஸ் ஏறிவிடுவேன். ஆனால் வெளியே போனாலும் அதே வலிதான். வீட்டிலிருந்து தப்பித்துப் போய் நிற்கிற இடத்திலும் உட்கார முடியவில்லை.

ஆடி நோன்பிக்கு முன் வாரம், விற்பனை நன்றாக நடக்கிற வாரம், மறுபடி ஜேடர்பாளையம் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி அணைப் பக்கம் வரைதான் நடக்க முடிந்தது. மூட்டையை மதகுச் சுவர் மேல் வைத்துவிட்டு அதில் சாய்ந்து நின்றேன். கீழே காவிரி புதுத்தண்ணீர் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. இத்தனை தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, தொண்டை காய்ந்து, குடிக்காமல் நிற்கிறேனே என்று எரிச்சலாக வந்தது. யாரோ சொல்லியிருக்க வேண்டும், அக்காவே தேடிக்கொண்டு வந்தாள்.

"போதும் அம்மணி. ஊட்டுலயே நாலு பலகை அடிச்சு வெச்சு வித்துக்க. வேணுங்கறவிய தேடிட்டு வருவாங்க. இனி எதுக்கு இந்த லோல்?"

அவள் என் நன்மைக்குத்தான் சொன்னாள். எனக்கோ நாலு பலகைக்கு நடுவே நான் உட்கார்ந்திருக்கிற காட்சி தெரிந்தது. அதிலும் உட்காரத்தானே வேண்டும்! வலியோடு வீட்டுக்குள் உட்காருவதைவிட, வலியைத் தீர்த்துக்கொண்டு வெளியே உட்கார வழி தேடலாம் என்று தோன்றியது.

"நாளைக்குச் சேலம் போறனுங்கக்கா. பொம்பளை டாக்டரப் பாக்கறேன்."

"இதையெல்லாம் போயி டாக்டர்கிட்டக் காட்டுவாங்களா?"

"கால்ல முள்ளுன்னா காட்டறமுல்லங்க?"

"கால எல்லாருந்தான் பாக்கறாங்க," என்றாள் அக்கா. ஆனால் மூட்டையை ஒரு பக்கம் பிடித்து பஸ் வரை தூக்கி வந்தாள்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு வீட்டின் முன்னறையை ஆஸ்பத்திரியாக்கி ஒரு டாக்டரம்மா இருந்தார். பெஞ்சு முழுக்கப் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள். நான் சுவரோரம் நின்றேன். பக்கத்தில் இருந்த பெண் நகர்ந்து இடம் விட்டு, "உங்களுக்கு எத்தன மாசங்கம்மா?" என்றாள். என் நரைத்த தலையைப் பார்த்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஒரு மாசமும் ஒழுங்கா வரலீங்கறதுக்குத்தான் கண்ணு வந்தேன்," என்றேன். பெஞ்சே சிரித்தது. அந்தச் சிரிப்பில் எனக்குப் பாதிப் பயம் போனது.

டாக்டரம்மா பரிசோதித்துப் பார்த்தார். சிறுநீரையும் சோதிக்கக் கொடுக்கச் சொன்னார். சர்க்கரை இல்லை, வேறு கட்டியோ புண்ணோ இல்லை என்றார். பிறகு கை கழுவிக்கொண்டே கேட்டார்:

"எதப் போட்டுக் கழுவுறீங்க?"

"படிகாரமுங்க. ரெண்டு வேளையும்."

அவர் குழாயை மூட மறந்து திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, அது இருக்கற ஈரத்தையும் உறிஞ்சிடுமே! சோப்புமா?"

"சோப்புமுங்க."

மாதவிலக்கு நிற்கப் போகிற வயதில், உடம்பில் ஊறுகிற ஒரு சுரப்பு குறைந்துபோகும், அதனால் அந்த இடத்துத் தோல் மெலிந்து வறளும் என்று விளக்கினார். சூடும் இல்லை, அழுக்கும் இல்லை. நான் சுத்தம் செய்யச் செய்யத்தான் கிழிந்திருக்கிறது. ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். கொஞ்ச நாள் தினமும், பிறகு சில நாள் இடைவெளி விட்டு உள்ளே தடவ வேண்டும். வெறும் தண்ணீரில் கழுவ வேண்டும், பருத்தி உடுத்த வேண்டும், தேவையில்லாத நாளில் துணி வைக்கக் கூடாது. தண்ணீர் குடிக்க வேண்டும். கடைசியில், "வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்றார். நான் மருந்துச் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்தேன். "களிம்பு வாங்கற மாதிரி அதுவும் ஒரு வேலைதாம்மா. செஞ்சிருங்க," என்றார்.

அந்த வேலையைத்தான் முதலில் செய்தேன். அடுத்த லோடு முடித்து அவர் வந்த அன்று நான் பஸ் ஏறவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் கதவில் சாய்ந்து நின்றேன்.

"ஏனுங்க, எனக்குக் கீழ நெம்ப நாளா வலிங்க. வறண்டு போயி வெடிச்சுக் கெடக்கு. அதனாலதானுங்க உங்ககிட்ட வர மாட்டேங்கறேன். வேற ஒண்ணுமில்லீங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டார்.

"அட இவளே," என்றார். "நானு என்ற மேல டீசல் நாத்தம் அடிக்குதாக்கும்னு நெனச்சுட்டு, வார வழியில கட்டி கட்டியா வாசன சோப்பு வாங்கித் தேச்சுத் தேச்சுக் குளிச்சுக்கிட்டுக் கெடக்கறேன்!"

"நானுஞ் சோப்புப் போட்டுத்தானுங்க கெட்டேன்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பிறகு அவர் நிதானமாகச் சொன்னார்: "கிரீஸ் வத்துன பேரிங்க ஓட்டுனா வண்டியே போயிரும். நீ மருந்தப் போடு. நானொண்ணும் அவசரத்துல இல்ல." லாரிக்காரருக்கு லாரியை வைத்துத்தான் எதுவும் புரியும். எனக்கு அது போதுமாக இருந்தது. ஒதுங்கி ஓட வேண்டிய இடம் ஒன்று குறைந்தது.

களிம்பு மந்திரம் போலக் கேட்கவில்லை. முதல் வாரங்களில் அதுவும் எரிந்தது. விட்டுவிடலாமா என்று நினைத்த நாட்கள் உண்டு. பருத்திப் பாவாடை நானே தைத்துக்கொண்டேன். மடித்த துணியை விடுவதுதான் பெரிய பாடு. விட்ட சில நாட்களில், அயோத்தியாப்பட்டணம் பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போதே விலக்கு வந்துவிட்டது. சேலையில் பட்டதைப் பின்னால் நின்ற கீரைக்காரிதான் சொன்னாள். அவளையே மறைப்பாக நிற்கவைத்து, மூட்டையிலிருந்து அரக்குச் சேலை ஒன்றை உருவிச் சுற்றிக்கொண்டேன். "போணி ஆயிருச்சு போ," என்றாள் கீரைக்காரி. ஆகத்தான் செய்தது. அன்று நான் திரும்பிப் போகவில்லை, அந்தச் சேலையோடேயே ஆத்தூர் சாலை ஊர் இரண்டைப் பார்த்துவிட்டுத்தான் வீடு வந்தேன். அதன்பின் துணியைப் பையில் வைத்துக்கொண்டேன், உடம்பில் வைக்கவில்லை.

தண்ணீருக்கும் ஒரு வழி பண்ணினேன். போகிற ஒவ்வொரு ஊரிலும் ஒரு வீட்டுப் பெண்ணிடம் நேராகவே கேட்டேன்: "கொல்லைப்பக்கம் ஒதுங்கிக்கலாமுங்களா?" மரியாதை போய்விடும் என்று இத்தனை வருஷம் அடக்கியிருந்தேன். ஒருத்திகூட மாட்டேன் என்று சொல்லவில்லை. பலரிடம் அந்தக் கேள்வியிலிருந்தே பேச்சு வளர்ந்தது. பேச்சு வளர்ந்தால் சேலையும் போகும்.

தீபாவளிச் சரக்கோடு ஜேடர்பாளையம் போனேன். அக்கா வாசலில் மூட்டையை இறக்கினேன். வலி முழுதாகப் போயிருக்கவில்லை, இன்றைக்கும் அது என்னை முழுதாக விட்டுவிட்டதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் முழங்காலை மடக்கினேன், மெதுவாக இறங்கினேன், சம்மணம் போட்டேன். தோல் இழுத்தது. கீறவில்லை. பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து சுற்றி உட்கார்ந்தார்கள்.

"அக்கா, குடிக்கத் தண்ணி குடுங்க."

அக்கா அப்படியே நின்றாள். பதினைந்து வருஷப் பழக்கத்தில் நான் அவளிடம் தண்ணீர் கேட்டதே இல்லை. சொம்பு நிறையக் கொண்டுவந்தாள். அண்ணாந்து முழுவதும் குடித்தேன். பிறகு முடிச்சை அவிழ்த்தேன்.

கூட்டம் கலைந்து, மீதிச் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தபோது அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உட்காரும்போது உதட்டைக் கடித்ததைப் பார்த்தேன். எத்தனை வருஷமாக அப்படி உட்காருகிறாளோ, நான்தான் கவனித்ததில்லை.

"அந்த டாக்டரம்மா," என்றாள், மடியிலிருந்த சேலையின் கரையைத் தடவிக்கொண்டே. "கெழவிகளையும் பாப்பாங்களா?"

"மொத நீங்க அந்தப் படிகாரத்தத் தூக்கி வாய்க்கால்ல போடுங்க," என்றேன். "வெள்ளிக்கெழம காலைல வாரேன். மொதோ பஸ்ஸுக்கு ரெடியா இருங்க."