முள் அசையாத மேசை

வகுப்பில் அவளை எல்லோரும் 'அச்சு' என்றுதான் கூப்பிட்டார்கள். அச்சடித்தது போன்ற கையெழுத்து. வாத்தியார் வருகைப் பதிவு எடுக்கும்போதுதான் அவளுக்கும் ஒரு பெயர் உண்டு என்பது ஞாபகத்துக்கு வரும்.

இயற்பியல் ஆய்வகத்தில் நாலு பேருக்கு ஒரு மேசை. முதல் நாளே வாத்தியார் வேலையைப் பிரித்துவிட்டார். பையன்கள் வயரை மாட்டுவார்கள். பெண்கள் அளவுகளைக் குறித்துக்கொள்வார்கள். சாமானும் உடையாது, ரெக்கார்டும் பார்க்க லட்சணமாக இருக்கும் என்பது அவர் கணக்கு. ஒரு தடவை அவள் பேட்டரிப் பக்கம் கையை நீட்டினாள்.

"தாயே, ஷாக் அடிச்சு நீ போய்ட்டா எங்க ரெக்கார்ட யாரு எழுதுவா?" என்றான் கூட இருந்தவன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டுப் பேனாவை எடுத்துக்கொண்டாள்.

மின்சாரப் பொறியியல் படிக்க வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. அதற்குச் செய்முறைத் தேர்வில் தேறியாக வேண்டும். தேர்வன்று ஆளுக்கொரு மேசை. எந்த வயர் எங்கே போகும் என்று படம் போடச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு போடுவாள். கைக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை, திருகாணியை எந்தப் பக்கம் திருப்பினால் தளரும் என்பதுகூட. வயரை எடுத்து எடுத்துக் கீழே வைத்தாள். கடைசியில் உட்கார்ந்து, எழுதி எழுதி மனதில் ஊறிப்போயிருந்த அளவுகளை அட்டவணை போட்டு அழகாக எழுதி வைத்தாள்.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் தாளைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார்.

"அளவெல்லாம் சரியாத்தாம்மா இருக்கு. வயரே மாட்டல, மீட்டர் முள்ளு மட்டும் எப்படி அசைஞ்சுது?"

காப்பி அடித்தாள் என்று எழுதித் தாளைச் செல்லாததாக்கினார்கள். இவளைப் போய் நம்பினேனே என்று வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். அப்பா அதோடு படிப்பை நிறுத்திவிட்டார்.

அதன் பிறகு கல்யாணம், ஒரு மகள், ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பரிசோதிக்கிறார்கள்; இந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் முடிவுகளைப் படிவத்தில் ஏற்றுகிறாள். அங்கேயும் அவள் கையெழுத்துக்கு நல்ல பெயர்.

போன வாரம் மகள் ரெக்கார்டில் 'மிக அழகு' வாங்கிக்கொண்டு குதித்தபடி வந்தாள்.

"வயர யாருடி மாட்டினது?"

"பசங்கதாம்மா. நாங்க எழுதணும்ல?"

மறுநாள் சாயங்காலம் அவள் பேட்டரி, சின்ன பல்பு, கொஞ்சம் வயர் எல்லாம் வாங்கிவந்து சாப்பாட்டு மேசையில் பரப்பினாள். "நான் காட்டுறேன், அப்புறம் நீதான் மாட்டணும்" என்றாள். முதலில் வயரின் முனையைச் சீவ வேண்டும். கத்தியை வைத்து அழுத்தினாள். மேலுறையோடு உள்ளேயிருந்த கம்பியும் அறுந்து விழுந்தது. மறுபடி சீவினாள். மறுபடி அறுந்தது. வயர் விரலளவுக்குக் குறுகிப்போனது.

மகள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"விடும்மா. அப்பா வந்து மாட்டட்டும். நாம எழுதிக்கலாம்."

மகள் அதற்குள் பென்சிலைக் கூராகச் சீவி வைத்திருந்தாள். அட்டவணைக்குக் கோடும் போட்டாயிற்று.