பூட்டிய வீட்டுக்கு வந்த பதில்

கல்விக்கடனைக் கட்டி முடித்த பிறகும் வங்கி என் சம்பளத்தில் தவணையைப் பிடித்துக்கொண்டே இருந்தது. கிளையில் கேட்டுச் சலித்து, முறைப்படி புகார் எழுதினேன். நிரந்தர முகவரி என்ற இடத்தில், கங்காதர நெல்லூரில் இருக்கும் நைனாவின் வீட்டைக் கை தானாக எழுதியது. நைனா என்று நான் கூப்பிட்ட அப்பா காலமானபின் அது பூட்டியே கிடக்கிறது.

நான் வேலை பார்க்கும் திருப்பதியில், என் அறையில் பதிலுக்குக் காத்திருந்தேன். ஒருநாள் ஊரிலிருந்து, நைனா வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தார்.

"போஸ்ட்மேன் வந்துக்கினே இருக்காரும்மா. லெட்டரெல்லாம் கதவுக்கு அடியில தள்ளிட்டுப் போறாரு."

ஊருக்கு ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். கடனைக் கட்டியதற்கு ஆதாரம் கேட்டு வங்கியிலிருந்து எழுதியிருந்தார்கள்; அனுப்பாவிட்டால் புகாரை முடித்துவிடுவார்களாம். மறுநாளே கடைசி நாள். அனுப்பினேன், பணம் திரும்பி வந்தது.

இப்போதெல்லாம் எதிலும் திருப்பதி முகவரியைத்தான் எழுதுகிறேன். அந்த வீட்டுக்கு இனி என் பெயரில் எதுவும் வராது. அக்காவும் போன் செய்வதில்லை.