கிள்ளானில் ஒரு முனி இறக்கப்பட்ட கதை

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வசிக்கும் நான், சென்ற சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு, யாரும் முகத்தில் தண்ணீர் அடிக்காமலே சுயமாக எழுந்தேன்.

காரணம், பக்கத்து வீட்டு லூர்து அக்கா. போட்டோ ஸ்டூடியோவில் நெகட்டிவ்களைத் திருத்தும் வேலை. வாடகைக் கேமராவில் சொந்தமாகவும் படம் எடுப்பவர். "பேயெல்லாம் பொம்பள, காவல் சாமியெல்லாம் ஆம்பள. இத யாருடா பிரிச்சது?" என்று கேட்டுக்கொண்டே பதினொரு படம் எடுத்து, கிள்ளானில் ஒரு வாசகசாலையில் மாட்டியிருக்கிறார். நம் கையெழுத்துப் பத்திரிகை வாசகர்களும் போய்ப் பார்க்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஏழு பத்துக்கு ரயில். மூன்றாம் வகுப்பு, அறுபது காசு. இருபது மைல் சொச்சம், எட்டரைக்குக் கிள்ளான். ஸ்டேஷனிலிருந்து அரை மைல்தான், நடக்கலாம். ரிக்‌ஷாவுக்குப் பத்துக் காசு கொடுப்பதைவிட இரண்டு தடவை தேநீர் குடிக்கலாம்.

வாசலை ஒட்டி மோகினி படம்: நாடகக் கம்பெனியில் பெண் வேஷம் கட்டுபவர், சேலையில். அடுத்து, மலாய்க்காரர்கள் பொந்தியானாக் என்ற பெண் பேய் இருப்பதாகச் சொல்லும் வாழைத்தோப்பு. நடுவில் முனி. முறுக்கு மீசை, கையில் அரிவாள், பார்த்தால் முதுகு தானாக நிமிரும். உண்மையில் அது ராக்கம்மா. நாலு மைல் தள்ளியுள்ள ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிறவர். பால் எடை போட்டுவிட்டு, தன் படத்தைச் சுவரில் பார்க்க மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

வாசகசாலைக் காரியதரிசி பத்து மணிக்கு வந்தார். காரியம் எதையும் அவர் தரிசித்ததாகத் தெரியவில்லை. முனியை மட்டும் தரிசித்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். அரை மணி நேரத்தில் அதே கையால் படத்தைக் கழற்றினார்!

"பொம்பளைக்கு மீசையா? சாமி குத்தம்மா இது!"

"அந்த மோகினி ஆம்பளதானே அண்ணே? அதுக்குக் குத்தம் இல்லியா?" என்றார் அக்கா.

"அது நாடகம்லா."

"இதுவும் வேஷந்தானே?"

"வாசகசாலைக்குன்னு ஒரு மரியாத இருக்கு. அவ்வளவுதான்."

ஆண் சேலை கட்டினால் கலை, பெண் மீசை வைத்தால் குற்றமாம். எந்தச் சாமி இவர் காதில் வந்து சொன்னது? எனக்கு ரத்தம் கொதித்தது. நேருக்கு நேர் நின்று நாலு கேள்வி கேட்டேன்; மனுஷர் வியர்த்துப்போனார்.

ராக்கம்மா மூன்று மணிக்கு, நடந்தே, கஞ்சி போட்ட சேலையில் வந்தார். சுவரில் வெறும் ஆணி. அக்கா மேசைக்கு அடியிலிருந்து படத்தை எடுத்து, வெளியே கடைகளுக்கு முன்னால் போகும் நடைபாதையில் சாய்த்து வைத்தார். ராக்கம்மா குந்தி உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தார்.

"மீச நல்லாத்தான் இருக்கு. எங்க வீட்டுக்காரருக்கு இதுல பாதி இல்ல." சிரித்தார். பிறகு, "ஏம்மா வெளியில வச்சிருக்கீங்க?"

அக்கா குனிந்து படத்தின் மேலிருந்த தூசியைத் துடைத்தார்.

போகிறவர்களுக்கு: வரும் ஞாயிறு வரை படங்கள் இருக்கும். கட்டணம் இல்லை. காலையிலேயே போங்கள், மதியம் கூரைத் தகரம் வேக வைத்துவிடும். கடைசி ரயில் ஆறு இருபது. நடுச்சுவர் ஆணியைக் காட்டி, இங்கே என்ன இருந்தது என்று காரியதரிசியிடம் அவசியம் கேளுங்கள்.

நீங்களாவது கேட்க வேண்டும். ஏனென்றால் நான் கேட்கவில்லை. நாலு கேள்வி என்றது புளுகு. கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். காரியதரிசி கண்ணை மூடிக் கும்பிட்டபோது, "அண்ணே, இந்த முனிக்குப் பேரு ராக்கம்மா" என்று காதோரம் போய்ச் சொன்னது நான்தான். சிரிப்பார் என்று நினைத்தேன். அக்காவுக்கு இது இன்னும் தெரியாது. ராக்கம்மா கேட்டபோது நான் ஒரு கை தூரத்தில் நின்றேன். காலையிலிருந்து மூடாத வாய் அப்போது மட்டும் திறக்கவில்லை.