அத்தானுக்குத் தெரிந்திருந்ததா?

சில வருடங்களுக்கு முன்பு, ஆக்லாந்தில், ஏவன்டேலில் அக்கா வாடகைக்கு இருந்த வீட்டில் நடந்தது இது. நியூசிலாந்து வந்தபின் அக்கா கணவருக்கு, அதாவது என் அத்தானுக்கு, அது முதல் பொங்கல். போகியன்று காலையில் பழைய பாயையும் அட்டைப்பெட்டிகளையும் வேலியோரம் குவித்துக் கொளுத்தினார். இங்கே ஜனவரி நல்ல கோடை. புல் காய்ந்து கிடந்தது, காற்று வேறு. மரவேலியில் பற்றிய தீ பக்கத்து வீட்டு கராஜை எரித்துவிட்டது. யாருக்கும் காயமில்லை. ஆனால் கார் நிறுத்துவதில் அந்த வீட்டுக்காரருக்கும் அத்தானுக்கும் ஏற்கெனவே தகராறு. தெரிந்தே செய்தார் என்று வழக்காகிவிட்டது.

நான் அதே ஆக்லாந்தில், எல்லர்ஸ்லியில் பாதுகாப்புப் பொறியாளர். எந்த இயந்திரத்தில் என்னென்ன தவறலாம் என்று பட்டியல் போடுவதுதான் வேலை. கோர்ட்டிலும் சாதகம், பாதகம் என்று குறித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

அத்தான் கூண்டில் தமிழில் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னார். "எங்க ஊர்ல தெரு முழுக்கக் கொளுத்துவோம். ஒரு வீடும் பத்தினதில்ல. பத்தும்னு எனக்குத் தோணவே இல்லீங்க." சாதகத்தில் எழுதினேன்.

கடைசியில் நீதிபதி ஜூரிகளுக்கு விளக்கினார். தீ பரவும் ஆபத்தை அவர் உணர்ந்திருக்க வேண்டாமா என்று யோசித்துப் பாருங்கள் என்றார். நியாயம்தானே என்று பட்டது.

குற்றவாளி என்றார்கள். அக்காவுக்கு அழக்கூட வரவில்லை. முதலில் ஜெயில், பிறகு விசா ரத்தாகி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

மேல்முறையீட்டுக்குப் புதிய வக்கீல், மலேசியத் தமிழ்ப் பெண். நீதிபதி சொன்ன அந்த ஒரு வரியை எங்களிடம் காட்டினார். ஆபத்தை உணர்ந்தும் துணிந்து கொளுத்தினாரா என்பதுதான் இந்த வழக்கின் கேள்வியாம். உணராமல் விட்டது கவனக்குறைவுதான், இந்தக் குற்றம் ஆகாதாம்; உணர்ந்திருக்க வேண்டாமா என்று கேட்டதே தவறாம்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "ஊருக்கெல்லாம் லிஸ்ட் போடுறே. நீ அங்கதானடி உக்காந்திருந்தே?"

கோர்ட்டில் எழுதிய பட்டியலைப் புரட்டினேன்; நீதிபதியின் அந்த வரி அதில் எங்குமே இல்லை.

அந்த விளக்கத்தோடு வந்த தீர்ப்பை நம்ப முடியாது என்று மேல் கோர்ட் ரத்து செய்தது. அதற்குள் அத்தான் சில மாதங்கள் உள்ளே இருந்துவிட்டார்.

ஜூரிகள் மேல் எனக்குக் கோபமில்லை. அத்தான் அப்படிப்பட்டவர் இல்லை என்று தெரிந்த நானே அவர்கள் இடத்தில் இருந்திருந்தாலும், அந்தக் கேள்விக்கு நேர்மையாக, நிதானமாக, குற்றவாளி என்றுதான் பதில் சொல்லியிருப்பேன் என்பதை இன்றும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.